திக்குவாய்: பேச்சுப் பயிற்சி மட்டும் போதாது

சிகிச்சை அறையில் தங்குதடையின்றிப் பேசிவிட்டு, வெளியே வந்து தொலைபேசியை எடுத்ததும் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் தவிப்பது திக்குவாய் உள்ளவர்கள் பலருக்கும் பழகிய அனுபவம். திக்குதலின் வேர் மரபணுவிலும், பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளின் இயக்கத்திலும் இருக்கிறது; பயம் அதை உண்டாக்குவதில்லை, ஆனால் உண்டான பிறகு அதை ஊட்டி வளர்க்கிறது. தாமும் திக்கிப் பேசியவரான அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழும் திக்கல் மேலே தெரியும் முனை மட்டுமே, வெட்கமும் அச்சமும் குற்றவுணர்ச்சியும் நீருக்கடியில் கிடக்கின்றன. எனவே வேலையை அடியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

முதலில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை திக்கினீர்கள் என்று எண்ண வேண்டாம். எதையெல்லாம் தவிர்த்தீர்கள் என்று எழுதுங்கள். “செவ்வாய்க்கிழமை” வாயில் வராது என்று பயந்து “நாளை மறுநாள்” என்று மாற்றிச் சொன்னது, விடை தெரிந்தும் “தெரியாது” என்று தலையாட்டியது, பேசி முடிக்க வேண்டியதைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது என எல்லாம் அதில் வரட்டும். வெளிப்படையாகத் திக்காமலேயே, சொற்களை மாற்றி மாற்றிக் காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த ஏடு அதிகம் உதவும்.

அடுத்து, திக்கும் கணத்தில் உடல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தனியாகப் பேசும்போது பெரும்பாலோருக்குத் திக்காது என்பதால், கண்ணாடி முன் அமர்ந்து யாரையாவது தொலைபேசியில் அழைத்துப் பேசுவதே நல்ல வழி. “ப” என்று தொடங்கும் சொல்லில் உதடுகள் இறுக ஒட்டிக்கொள்வதும், மூச்சு நின்றுபோவதும், கண்கள் தாமாக மூடிக்கொள்வதும் தெரியும். இவற்றில் பெரும்பகுதி திக்கல் அல்ல. திக்கலை அமுக்க நடக்கும் போராட்டம்.

அந்தப் போராட்டத்தைத் தளர்த்த, அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. திக்கிய சொல்லை முழுமையாகச் சொல்லி முடித்து, சற்று நிறுத்தி, அதே சொல்லை இறுக்கமில்லாமல் மறுபடி சொல்ல வேண்டும். இது கைவந்த பிறகு, திக்கிக்கொண்டிருக்கும்போதே உதட்டையோ நாக்கையோ தளர்த்தி வெளியே வரப் பழகலாம். திக்கலே இல்லாமல் பேசுவதல்ல, எளிதாகத் திக்குவதே இங்கே இலக்கு.

இதைவிடக் கடினமானது, பயமில்லாத சொற்களில் வேண்டுமென்றே திக்கிப் பார்ப்பது. கேட்டவுடன் பலரும் மறுப்பார்கள்; ஆனால் ஒளித்து வைத்ததைத் தானே முன்வந்து காட்டும்போதுதான் அச்சத்தின் பிடி விடுகிறது. நம்பிக்கையான நண்பரிடம் தொடங்கி, கடையில் விலை விசாரிப்பது, அறிமுகமில்லாதவரைத் தொலைபேசியில் அழைப்பது, கூட்டத்தில் கேள்வி கேட்பது என்று படிப்படியாக ஏறுங்கள். ஒரு படி சலிப்புத் தட்டும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். திக்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்திலிருந்து பார்வையை விலக்காதீர்கள். “எனக்குத் திக்கும், சொல்லி முடிக்கச் சற்று நேரமாகும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் பாரத்தைப் பாதியாக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது குறைவு: சொல்லை எடுத்துக் கொடுக்காமல், “மூச்சை இழுத்துவிட்டு மெதுவாகப் பேசு” என்று திருத்தாமல், சொல்லப்படும் விஷயத்தைக் கேட்டால் போதும். குழந்தைகளுக்குத் திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கிப் பலருக்குத் தானே மறைகிறது. ஆனால் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பேசத் தயங்கினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ காத்திருக்காமல் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். வயது வந்தவருக்குத் திடீரெனத் திக்கத் தொடங்கினால், அது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அறைக்கு வெளியே உங்களோடு வந்து பயிற்சி தருவாரா, தேவைப்பட்டால் உளவியலாளரோடு சேர்ந்து பணியாற்றுவாரா என்று கேளுங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் முழுக்குணம் என்று உறுதியளிப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.