ட்ராக்குக்குப் போறதுக்கு முன்னாடி பிரேக் ஆயிலை மாத்திடுங்க

தினமும் ஆபீஸுக்குப் போற ஸ்போர்ட்ஸ் காரையே லீவு நாள்ல சென்னை பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்டுறீங்களா? முதல்ல பார்க்க வேண்டியது இன்ஜினை இல்ல, பிரேக் ஆயிலை. அது காத்துல இருக்கிற ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கும். புது டாட் 4 (DOT 4) ரக பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது; ஈரம் ஏறிட்டா அது 155 வரை இறங்கிடலாம். ஊருக்குள்ள ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. ட்ராக்கில் நாலஞ்சு சுத்து வேகமாப் போயிட்டு, நேர்ப்பாதை முடியுற இடத்துல பிரேக்கை மிதிச்சா, சூட்டுல ஆயில் கொதிச்சு குமிழி வந்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு, கார் நின்ன பிறகும் கால் நடுக்கம் அடங்கல.

அதனால முந்தின வாரமே டாட் 4 அல்லது 5.1 புதுசா ஊத்தி, பிரேக் லைன்ல இருக்கிற காத்தை எடுத்துடுங்க. வெறும் டாட் 5 வேண்டவே வேண்டாம். அது சிலிக்கோன் ஆயில், டாட் 4, 5.1 ரகங்களோட சேராது.

கடைசிச் சுத்தை பிரேக் அதிகம் தொடாம மெதுவா ஓட்டி ஆற விடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. டயர்ல காத்தைக் குறைச்சிருந்தா, டயர் ஆறினதும் பழைய அளவுக்கு ஏத்திட்டு அப்புறமா ஹைவேயில ஏறுங்க.