பிரியும்போது அவர் பிஎஃப், பென்ஷனில் உங்களுக்கு வர வேண்டியதை எப்படிக் கேட்பது?

"பிரிஞ்சா அவர் பிஎஃப்ல பாதி எனக்கு வந்துடும்ல?" மன்னார்குடியில் இருக்கும் பெரியம்மா மகள் மஞ்சப்பையைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது இதுதான். தானா வராது அக்கா. தமிழ்நாட்டில் கணவன் மனைவி சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் சட்டமே இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம், இருவருடைய வருமானம், சொத்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் நீதிமன்றம் தொகை சொல்லும். அந்தக் கணக்கில் அவருடைய பிஎஃப், கிராஜுவிட்டி, பென்ஷன் எல்லாம் ஏற வேண்டும் என்றால் நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் மறைத்தால் பிடிக்க ஆதாரம் வேண்டும். அக்காவின் பையில் அவருடைய பழைய சம்பளச் சீட்டு ஒன்று, மடிப்பில் கிழிந்து கிடந்தது. அதில் பிஎஃப் பிடித்தம் என்ற ஒரு வரி, கம்பெனி பெயர், ஊழியர் எண். வக்கீல் மேற்கொண்டு கேட்க அது போதும், அதனால் தயவுசெய்து எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.

அவர் ஓய்வு பெறும் தேதியை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். பிஎஃப் நிதியில் இருக்கும் பணத்தை ஜப்தி செய்ய முடியாதபடி சட்டமே காக்கிறது, அது வெளியே வந்து தம்பி பேரில் நஞ்சை நிலமானால் பின்னாலேயே ஓட வேண்டியதுதான். அவர் பேரிலேயே நிலம் இருந்தால், ஜீவனாம்சத்துக்கு அந்த நிலத்தைப் பொறுப்பாக்கச் சொல்லி அதே 25-ஆம் பிரிவில் கேட்கலாம்.

அப்புறம், விவாகரத்து ஆனபின் நீங்கள் அவர் மனைவி இல்லை, அவருக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக உங்களுக்கு வராது. மாதத் தொகையா, மொத்தத் தொகையா என்று முடிவு செய்யும்போது இதை மனதில் வையுங்கள். இருவரும் ஒப்புக்கொண்டு பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்பது என்றால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிக்கு முன்னால் தொகை, தேதி, டிடியா வங்கிப் பரிமாற்றமா எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நீதிமன்றத்தில் இரண்டாவது முறை ஆஜராகிச் சம்மதம் சொல்லும் முன் பணம் கைக்கு வந்திருக்கட்டும்.

நீங்களும் வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் பிஎஃப் நாமினியையும் மாற்றுங்கள், தீர்ப்பு வந்தால் அவர் பேர் தானாகப் போய்விடாது. வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் போடுங்கள்.