வேலை போனவருக்கு உதவப் போய்...

திடீரென்று வேலை போனவர்களுக்கு அடுத்த வேலை தேட உதவுவது என் தொழில். வேலை போனவர் எதிரே உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் மனைவியோ அண்ணனோ அம்மாவோ இருப்பார்கள். பெரும்பாலும் பேசுவது அந்தப் பக்கத்து நாற்காலிதான். அதில் புதிதாக வந்து உட்காருகிறவர்கள், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே காரியங்களை அதே உற்சாகத்தோடு செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

குத்திக் காட்டாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதைச் செய்கிறவர்கள் இதைப் படிக்கப் போவதும் இல்லை. நான் சொல்ல வந்தது பாசத்தில் செய்யும் தவறுகளை.

முதல் வாரமே எதிர்காலத்தைத் தீர்மானிப்பது

வாழ்க்கை நிகழ்வுகள் ஒருவரை எவ்வளவு உலுக்குகின்றன என்பதற்கு 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளி. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. கல்யாணத்துக்கு 50 போட்டிருக்கிறார்கள், அது வேறு கதை. அப்படி ஆடிப்போயிருக்கும் ஆளிடம் மறுநாள் காலையிலேயே "அடுத்து என்ன பண்ணப் போற?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்ன பதிலாகத்தான் இருக்கும்.

ஆனால் தள்ளிப்போடவே கூடாத காகித வேலைகள் சில உண்டு. வெளியே அனுப்பும்போது நீட்டும் ஒப்பந்தத்தில் அங்கேயே கையெழுத்துப் போடாமல், படித்துப் பார்க்க அவகாசம் கேட்க வேண்டும். மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது, எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா, வேலையில்லாதவர்களுக்கு அரசு உதவித்தொகை இருக்கும் நாடு என்றால் விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டுகள் அலுவலகக் கணக்கிலேயே கிடந்தால், அந்தக் கணக்கை முடக்கிய பிறகு கெஞ்ச வேண்டியிருக்கும். முதல் வாரத்தில் அவர் மனசு இதில் எதிலும் நிற்காது. வீட்டார் அவரோடு உட்கார்ந்து இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே பாதி பாரம் இறங்கும்.

அவரைக் கேட்காமல் அவருக்காக வேலை தேடுவது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஒருவருக்கு வேலை போனது. அன்று ராத்திரியே அவருடைய அக்கா, தம்பி எப்போதோ அனுப்பி வைத்திருந்த ரெஸ்யூமேயைத் தேடி எடுத்து, தன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். கூடவே இரண்டு வரி: "தம்பியைத் திடீர்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் பாருங்க."

மனசு நல்ல மனசுதான். விளைவைப் பாருங்கள். அது பழைய ரெஸ்யூமே. தம்பியின் கடைசிப் பதவி உயர்வு அதில் இல்லை. அவர் நிஜமாகவே சேர விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு அது அக்காவின் தோழி வழியாகப் போய்ச் சேர்ந்தது. சில நாளில் ஓர் ஏஜென்சியும் அவரை முறைப்படி அங்கேயே பரிந்துரைத்தது. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்குக் கமிஷன் உண்டு. ஒரே ஆளின் விவரம் இரண்டு வழியில் வந்தால் முதலில் கொண்டுவந்தது யார் என்ற தகராறு வரும். நிறுவனங்கள் பல அந்தத் தகராறுக்குள் போவதே இல்லை, ஆளையே ஒதுக்கி வைத்துவிடும். இங்கேயும் அதுதான் நடந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று தம்பிக்கு வெகுநாள் தெரியவே இல்லை.

"எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லை" என்ற வரி அதைவிட மோசம். சம்பளப் பேச்சு தொடங்கும் முன்பே அவருடைய விலையைக் கீழே இறக்கிவிட்ட வரி அது. பல வருடம் ஒரு குழுவையே நடத்தியவருக்கு, படிப்பை முடித்த கையோடு வருகிறவர்கள் பார்க்கும் வேலைகளாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் மறுக்க வேண்டியிருந்தது. மறுத்ததும் "வேலை தேடித் தந்தா வேண்டாங்கறான்" என்ற பெயரும் வந்தது.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எல்லோரும் எப்போதாவது அல்லது மிக அரிதாக என்றார்கள். பழைய மேலாளர், முன்பு கூட வேலை பார்த்து இப்போது வேறெங்கோ இருப்பவர் போன்றவர்கள்தான் புதிய இடங்களைப் பற்றிய சேதி வைத்திருப்பார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். அந்தத் தூரத்து ஆட்களிடம் முதல் தடவை எப்படிப் பேசுகிறோம் என்பது முக்கியம். தம்பி தன் பழைய மேலாளரிடம் தானே பேச நினைத்திருந்தார். போன் செய்தபோது அவர், "கேள்விப்பட்டேன்பா, ரொம்ப வருத்தமா இருந்துச்சு" என்றார். வேலையைப் பற்றிப் பேச வேண்டிய பேச்சு துக்கம் விசாரிப்பதாக முடிந்துபோனது.

இதையெல்லாம் விளக்கினால் கடைசியில் ஒரே பதில்தான் வரும்: "உதவிதானே செய்தேன்?" அந்த வாக்கியத்தோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

நிஜமாகவே உதவ வேண்டும் என்றால் முதலில் அவரிடமே கேளுங்கள்: "யார்கிட்ட சொல்லலாம்? என்னன்னு சொல்லணும்?" வேலை போனதை எப்படிச் சொல்வது என்று இரண்டு வரி அவர் வாயாலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள். வெளியே அனுப்பும்போது தரும் தொகை பற்றிய பேச்சு நிறுவனத்தோடு இன்னும் முடியவில்லை என்றால் காரணத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் நிபந்தனையும் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஆள் உபயோகமானவர் என்று தோன்றினால் பெயரையும் எண்ணையும் அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அழைப்பதும் அழைக்காததும் அவர் பாடு.

"ஏதாவது ஆச்சா?"

தினமும் சாயங்காலம் கேட்கப்படும் கேள்வி. விண்ணப்பம் போட்டுவிட்டு வாரக்கணக்கில் பதிலே வராமல் இருப்பது சகஜம். ஆகவே பெரும்பாலான நாட்களில் உண்மையான பதில் "இல்லை"தான், தினமும் அதை அவர் வாயால் சொல்ல வைக்கிறீர்கள். வேலையில்லாதவர்களின் நெருங்கிய உறவுகளைப் பற்றி வினோகுர், வான் ரைன் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டார் தரும் ஆதரவைவிட அவர்களுடைய குறைகூறலும் சிடுசிடுப்பும்தான் மனநலத்தை வலுவாகப் பாதிப்பதாகக் கண்டார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லி ஒரு சுடுசொல்லை ஈடுகட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளைப் பேசி வைத்துக்கொண்டு, வேலை தேடுவது பற்றிய பேச்சை அன்றைக்கு மட்டும் பேசுங்கள். மற்ற நாளில் அவராக ஆரம்பித்தால் காது கொடுங்கள்.

"வீட்டில் சும்மாதானே இருக்கிறார்"

ஆஸ்திரியாவில் மரீன்டால் என்ற சிற்றூரில் பஞ்சாலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் கூட்டாளிகளும் 1930-களின் தொடக்கத்தில் அங்கே போய் ஆராய்ந்தார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். வேலை போகும்போது சம்பளத்தோடு பொழுதின் ஒழுங்கும் போய்விடுகிறது என்பதுதான் யஹோதா பிற்பாடு வலியுறுத்தியது.

இதை மறந்துவிட்டு வீட்டார் எதிரெதிரான இரண்டு எல்லைகளுக்குப் போகிறார்கள். சிலர் வெளிவேலை, பில் கட்டுவது, பிள்ளைகளைக் கூட்டிவருவது என எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். அவருக்கு வேலை தேட நேரமே மிஞ்சுவதில்லை. வேறு சிலர் "நீ ஓய்வெடு" என்று ஒரு துரும்பையும் எடுக்க விடுவதில்லை. அது அதைவிடக் கொடுமை. இன்னின்ன வேலை உன்னுடையது என்று பேசி ஒப்படையுங்கள். காலை நேரத்தை மட்டும் அவருக்கென்று விட்டுவிடுங்கள்.

வெளியே அனுப்பும்போது கிடைத்த தொகையில் கடனை ஒரேயடியாக அடைப்பது

கடன் குறைந்தால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் அடுத்த சம்பளம் எப்போது என்று தெரியாத நிலையில் கையில் இருக்கும் பணம்தான் காப்பு, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. கொடுமையான வட்டிக் கடன் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தவணை தவறும் என்று தோன்றினால், தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். நீங்கள் பணம் தருவதாக இருந்தால் அது கடனா, கொடையா என்பதைத் தரும்போதே சொல்லிவிடுங்கள்.

வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்

மோசடிக்காரர். விதிவிலக்கு தேடாதீர்கள்.

"எல்லாம் நல்லதுக்குத்தான்"

சொல்லாதீர்கள்.

பிள்ளைகளிடம் மறைப்பது

மறைக்க முடியாது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

சோர்வு என்று விட்டுவிடுவது

வாரக்கணக்கில் தூக்கமின்மை, ஏறிக்கொண்டே போகும் குடி, "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நல்லது" என்ற பேச்சு. இவற்றில் ஏதேனும் இருந்தால் அது ரெஸ்யூமேயால் தீரும் விஷயம் இல்லை, மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவிக்கு அழையுங்கள்.

வேலை கிடைத்ததும் தம்பட்டம் அடிப்பது

நியமனக் கடிதம் எழுத்தில் கைக்கு வரட்டும். வாய்மொழியாகத் தருவதாகச் சொன்ன வேலைகள் கடைசி நிமிடத்தில் கைநழுவியதை நிறையவே பார்த்திருக்கிறேன். கடிதம் வந்த பிறகும் யாரிடம் எப்போது சொல்வது என்று அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.