ஹைபிரிட் காரின் டயர் விளக்கும் பெட்ரோல் முள்ளும்: புதிதாக வந்தவர்களுக்கு

லைசென்ஸ் மாற்றுவது, இன்சூரன்ஸ் எடுப்பது, காரைப் பெயர் மாற்றுவது எல்லாம் நீங்கள் போயிருக்கும் நாட்டின் போக்குவரத்துத் துறை இணையதளத்திலேயே வரிசையாக இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்துவிடுங்கள், அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அதற்கு அப்புறம். வெளிநாடு வந்த சில மாதங்களில் நம்மில் பலர் வாங்குவது செகண்ட் ஹாண்ட் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் பாட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். மைலேஜ் நன்றாக வரும், சரி. ஆனால் டேஷ்போர்டில் தெரியும் எல்லாவற்றையும் கார் அளந்து சொல்கிறது என்று நம்பிவிடுகிறோம். சிலதை அளக்கிறது, சிலதை ஊகிக்கிறது. எது எந்த ரகம் என்று தெரியாமல் என் நண்பர் ஒருவர் மாட்டிக்கொண்டார். அந்தக் கதைக்கு வருகிறேன், முதலில் டயர்.

குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி. அதுதான் டயர் அழுத்த எச்சரிக்கை. அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான எல்லாக் கார்களிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். விளக்கு அசையாமல் எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. காரின் பவரைப் போட்டதும் ஒரு நிமிடம் போல விட்டு விட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் கோளாறு டயரில் இல்லை, சென்சாரில். இந்த வித்தியாசம் தெரியாமல் காற்றை அடித்து அடித்து ஓய்ந்தவர்கள் நிறைய பேர்.

குளிர் நாட்டுக்குப் போயிருந்தால் காலையில் விளக்கு எரிந்து, கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணைந்துவிடும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இறங்கும். 25 டிகிரியில் 30 இருந்த டயர், மைனஸ் 5 டிகிரி காலையில் 25 பக்கத்தில் நிற்கும். ஓடும்போது சூடாகி மறுபடி ஏறும், விளக்கும் அணையும். அணைந்துவிட்டதே என்று விடாதீர்கள், அடிக்க வேண்டிய காற்று அடிக்கப்படாமலே இருக்கிறது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற காரில் அளந்து அடியுங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த சூட்டில் அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை விளக்கு நிச்சயம்.

எவ்வளவு அடிப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண். டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் 44, 51 எல்லாம் அந்த டயர் தாங்கும் உச்சம். அதை அடித்துவிட்டு வண்டி குதிக்கிறது என்று புலம்பக் கூடாது. ஊரில் காற்றடிப்பவர் "எவ்வளவு சார்?" என்று கேட்பார், நாம் ஒரு எண் சொல்வோம். இங்கே நீங்களே குனிந்து அடிக்க வேண்டும், கருவியில் அலகும் மாறியிருக்கலாம். 33 பி.எஸ்.ஐ என்றால் 2.3 பார், 230 கிலோபாஸ்கல். போனில் குறித்து வையுங்கள்.

இனி ஊகம் பண்ணும் ரகம். சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுக் குறையும், அதனால் வேகமாகச் சுழலும். ஏ.பி.எஸ் பிரேக்கின் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) சென்சார்கள் அதைக் கவனித்து விளக்கைப் போடும். இந்த ரகத்தில் காற்று அடித்தாலும் விளக்கு தானாக அணையாது, மெனுவிலோ பட்டனிலோ ரிசெட் செய்ய வேண்டும். காற்று அடிக்காமல் ரிசெட்டை மட்டும் அழுத்தினால் அந்தக் குறைந்த அழுத்தத்தையே சரியான அளவு என்று கார் மனப்பாடம் செய்துகொள்ளும். பழைய சொந்தக்காரர் இதைச் செய்துவிட்டு விற்றிருக்கவும் கூடும், வாங்கியதும் நீங்களே ஒரு தடவை அளந்து, அடித்து, ரிசெட் செய்துவிடுங்கள்.

டயருக்குள் சென்சார் இருக்கும் ரகத்தில் பாட்டரி 5 முதல் 10 ஆண்டு வரை வரும். பாட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்றி அதன் அடையாள எண்ணைக் காரில் பதிய வேண்டும். பழைய ஹைபிரிட் வாங்கும்போது பவரைப் போட்டதும் டயர் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். மின்னினால், "குளிருக்கு அப்படித்தான்" என்று விற்பவர் சொல்வார். குளிருக்கு அப்படி மின்னாது. குளிர்கால டயருக்குத் தனிச் சக்கரம் வைத்திருந்து அதில் சென்சார் இல்லாவிட்டாலும் இதே மின்னல் வரும்.

இன்னொன்று, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா பாருங்கள். பல ஹைபிரிட்களில் பாட்டரிக்கு இடம் கொடுத்துவிட்டு ஒரு சின்ன கம்ப்ரசரும் பஞ்சர் அடைக்கும் திரவப் புட்டியும் மட்டும் வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது உதவாது.

சரி, பெட்ரோல். நண்பர் ஒரு குளிர் இரவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முள் அடியில்தான், ஆனால் "இன்னும் இவ்வளவு கிலோமீட்டர் போகலாம்" என்று திரையில் வரும் எண் வீட்டுத் தூரத்தைவிடத் தாராளமாக இருந்தது. வழியில் வந்த பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போய்விட்டார். அந்த எண் அளவு இல்லை, கணக்கு. சமீபத்தில் நீங்கள் ஓட்டிய சராசரியை வைத்து, மிச்சப் பெட்ரோலில் எவ்வளவு போகும் என்று கார் போடும் கணக்கு. மத்தியானம் ஊருக்குள் மெதுவாக ஓட்டிய சராசரி, ராத்திரி ஹீட்டரோடு நெடுஞ்சாலையில் செல்லாது. குளிரில் உள்ளே சூடு வேண்டும் என்பதற்காகவே ஹைபிரிட்டின் இன்ஜின் அடிக்கடி ஓடும். எண் மளமளவென்று இறங்கியது, இன்ஜின் நின்றது.

நின்ற பிறகும் கார் ஓடியது! அவருக்கு ஒரே பெருமை. "ஹைபிரிட்ல பெட்ரோல் தீர்ந்தா பாட்டரில வீடு போய்ச் சேர்ந்துடலாம்" என்று நம்மவர்கள் குழுக்களில் மாதம் ஒரு தடவை யாராவது எழுதுவதை அவரும் படித்திருந்தார். எழுதுகிறவர்களைப் பிடித்து அந்த இரவு அந்தச் சாலையோரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். சார்ஜர் செருகாத ஹைபிரிட்டின் பாட்டரி சின்னது. டொயோட்டாவின் ஹைபிரிட்டான ப்ரியஸின் பழைய மாடலில் 1.3 கிலோவாட் மணி அளவுதான், அதிலும் ஒரு பகுதியைத்தான் கார் பயன்படுத்தவிடும். சமதரையில் ஓரிரு கிலோமீட்டர் போனால் பெரிது. பாட்டரியும் இறங்கி, கார் மொத்தமாக நின்றது.

தெரிந்தவர் ஒருவர் கேனில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார். ஸ்டார்ட் ஆகவில்லை. காரணம் இதுதான்: டொயோட்டா வகை ஹைபிரிட்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. அந்தப் பெரிய பாட்டரிதான் இன்ஜினைச் சுழற்றி உயிர்கொடுக்க வேண்டும், அது காலி. இன்னொரு காரிலிருந்து வயர் போட்டுப் பார்த்தார்கள். அது 12 வோல்ட் பாட்டரியை மட்டும்தான் எழுப்பும், பெரிய பாட்டரிக்கு ஒன்றும் போய்ச் சேராது. கடைசியில் காரை இழுத்துக்கொண்டுபோய், தனிக் கருவியால் சார்ஜ் ஏற்றி, பில்லை நீட்டினார்கள். வாரண்டி இருக்கிறதே என்று கேட்டதற்கு, பெட்ரோல் போடாதது உங்கள் பொறுப்பு என்று பதில்.

அதனால் இன்ஜின் நின்ற அந்த நொடியே ஓரம் கட்டுங்கள். பி கியரில் போட்டு, அபாய விளக்கைப் போட்டுவிட்டுப் பவரை அணைத்துவிடுங்கள். குளிர்கிறது என்று பவரை அணைக்காமல் ரெடி நிலையிலேயே உட்கார்ந்திருந்தால் ஹீட்டரின் விசிறியும் விளக்குகளும் பெரிய பாட்டரியிலிருந்துதான் குடிக்கும். மிச்சம் இருக்கும் சார்ஜ்தான் பெட்ரோல் வந்ததும் இன்ஜினைக் கிளப்பப் போகிறது.

பங்கில் நிற்கும்போதும் ஒரு கண் வையுங்கள். ஹைபிரிட் சத்தமில்லாமல் நிற்பதால் அணைத்துவிட்டோம் என்று நினைத்து ரெடியிலேயே பெட்ரோல் போடுகிறோம். பல கார்களில் பவரை அணைத்துப் போட்டால்தான் முள் சரியாக ஏறும், சரிவில் நிறுத்தியிருந்தாலும் தப்பாகக் காட்டும். கொஞ்சமாகப் போட்டால் சிலதில் முள் அசையவே அசையாது. பெட்ரோல் குழாயின் முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள், தொகையை முழு எண்ணாக்க இன்னும் அமுக்கினால் ஆவி பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் போய்விடும். சார்ஜர் செருகும் ஹைபிரிட்களில் சிலவற்றின் டேங்க் இறுக்கமாக மூடியது, மூடிப் பட்டனை அழுத்திச் சில நொடி காத்திருந்தால்தான் திறக்கும். உடைந்துவிட்டது என்று நெம்பாதீர்கள்.

முழு டேங்க் நிரம்பவில்லை என்றால் உங்கள் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம். 2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்ற ப்ரியஸில் டேங்குக்குள் ரப்பர் பை மாதிரி ஒன்று உண்டு. குளிரில் அது விறைத்து, குறைவாகத்தான் கொள்ளும். 2019, 2020 ராவ்4 ஹைபிரிட்டில் டேங்க் முழுதாக நிரம்பாத கோளாறு பெரிய புகாராகி, டொயோட்டா டேங்கை மாற்றித் தந்தது. அந்த மாடலை வாங்கப்போகிறீர்கள் என்றால் மாற்றியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காராக இருந்தாலும் நிரப்பும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். நான் திரை சொல்லும் எண்ணைவிட இதைத்தான் நம்புகிறேன், முள் கால் டேங்கைத் தொட்டதும் பெட்ரோல் பங்கைத் தேடிவிடுகிறேன்.

எல்லாம் மீறி இழுத்துச் செல்ல ஆள் கூப்பிட வேண்டி வந்தால், போனிலேயே "ஹைபிரிட், முழுக் காரையும் மேலே ஏற்றும் லாரி வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். முன்சக்கர இயக்கக் காரின் முன்சக்கரம் தரையில் உருண்டபடி போனால் உள்ளே மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், அதில் சேதம் வரும். நான்கு சக்கர இயக்க ஹைபிரிட்டில் பின்னாலும் மோட்டார் இருக்கிறது, நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். நண்பருக்கு வந்த லாரிக்காரர் கொக்கியை எடுத்துக்கொண்டு நேரே பின்பக்கம்தான் போனார். நல்லவேளை, தடுத்தார்கள், வேறு லாரி வர இன்னும் நெடுநேரம் குளிரில் நின்றார்கள், முதல் லாரிக்கும் கட்டணம் கட்டினார்கள்.