நங்கூரம் போடும் முன் இரண்டாவது கோட்டைப் பாருங்கள்

ஃபிஷ் ஃபைண்டரில் (ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) ஆட்டோ ரேஞ்சை, அதாவது ஆழ அளவு தானாக மாறுவதை, அணைத்துவிட்டு, திரையின் ஆழ அளவை, நிற்கிற ஆழத்தைப் போல இரண்டரை மடங்காக வையுங்கள். 20 மீட்டரில் நின்றால் 50. தரைக்கோடு 20-இல் விழும். 40-இல் இன்னொரு கோடும் அழுத்தமாகத் தெரிந்தால் கீழே பெரும்பாலும் பாறையோ பவளமோதான். அங்கே இறக்காதீர்கள். கெயினை (எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்கிற அளவை) மாற்றாமல் மெதுவாக நகருங்கள், அந்தக் கோடு மங்கி மறைகிற இடம் சேறு அல்லது இளகிய மணல்.

கெட்டியான தரை ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்பும். அது நீர்மட்டத்தில் பட்டு, மறுபடி தரைக்குப் போய்த் திரும்புவதால்தான் சரியாக இரட்டை ஆழத்தில் கோடு வருகிறது. சேறு ஒலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

மொரிஷியஸில் மகேபூர் பக்கம் பவளத்திட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நங்கூரமும் கயிறும் மிச்சம். பவளம் உடையாமல் தப்புகிறதே, எனக்கு அதுதான் பெரிது.

பவளத்திட்டுக்கு உட்புறமுள்ள லகூனுக்குள் ஓரிரு மீட்டர் ஆழத்தில் இது உதவாது. மணலிலேயே இரண்டு மூன்று கோடு வரும். அங்கே கண்ணால் பார்த்தே போடலாம். ரொம்ப ஆழத்திலும், சரிவான தரையிலும், படகு வேகமாக ஓடும்போதும் இரண்டாவது கோட்டை நம்ப வேண்டாம். இறுகிய மணலும் சில சமயம் பாறை மாதிரியே காட்டும்.