சராசரி தப்பாக வருகிறதா? முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் தேர்வு முடிந்ததும் புள்ளிப் பட்டியல் எக்செலில் ஏறிவிடும். வகுப்பின் சராசரி நம்ப முடியாத அளவுக்குக் குறைந்து வந்தால், புதிதாகப் பழகும் ஆசிரியர்கள் ஃபார்முலாவைத்தான் அழித்து அழித்து எழுதுகிறார்கள். பெரும்பாலும் ஃபார்முலா சரியாகவே இருக்கும். அது எந்தெந்தக் கட்டங்களைக் கணக்கில் எடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு காலித் தாளைத் திறந்து, பி2 முதல் பி6 வரை 60, 70, 80, 90, 0 என்று தட்டுங்கள். கடைசி மாணவர் தேர்வுக்கே வராதவர்.

1. =ஆவரேஜ்(பி2:பி6) போடுங்கள். 60 வரும். பூஜ்ஜியமும் ஒரு புள்ளிதான் என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. அதை அழித்துவிட்டு, வராதவர்களுக்கு நாம் வழக்கமாகப் போடும் 'டிஎச்' என்பதை எழுதுங்கள். இப்போது 75. எழுத்தையும் காலிக் கட்டத்தையும் ஆவரேஜ் தொடாது.

2. பக்கத்தில் =கவுண்ட்(பி2:பி6), =கவுண்ட்ஏ(பி2:பி6) இரண்டையும் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணி 4 என்கிறது. இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணி 5 என்கிறது. எந்தப் பட்டியலாக இருந்தாலும் இந்த இரண்டையும் போட்டுவிட்டுத்தான் நான் சராசரியைப் பார்ப்பேன். வராதவர் எத்தனை பேரோ அத்தனைதான் வித்தியாசம் இருக்க வேண்டும்.

3. வித்தியாசம் அதைவிடக் கூடினால், எண் மாதிரி தெரியும் எழுத்து உள்ளே இருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும் பட்டியல்களில் இது சர்வ சாதாரணம். பி5-இல் 90-க்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுப் பாருங்கள்: எண் இடப்பக்கம் ஒதுங்கும், சராசரி 70 ஆகிவிடும். இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. =பி4+பி5 என்று கூட்டினால் 170 சரியாக வரும்; =சம்(பி4:பி5) போட்டால் 80தான் வரும். கூட்டல் குறி அந்த எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்கிறது, சம் அதை விட்டுவிடுகிறது. அதனால் கூட்டிப் பார்த்துச் சரி என்று முடிவு கட்டாதீர்கள், =இஸ்நம்பர்(பி5) போட்டுப் பாருங்கள். 'ஃபால்ஸ்' என்று வந்தால் =வேல்யூ(பி5) அதை எண்ணாக்கிக் கொடுக்கும். அதுவும் பிழை காட்டினால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கலாம். அந்த ஒரு கட்டத்தை அழித்துவிட்டுக் கையால் தட்டுவதே சுலபம்.

4. ஃபில்டர் போட்டுச் சில வரிசைகளை மறைத்திருந்தாலும் ஆவரேஜ் அவற்றையும் சேர்த்துக்கொள்ளும். தெரியும் வரிசைகள் மட்டும் போதும் என்றால் =சப்டோட்டல்(101,பி2:பி6). மறைந்தவற்றை விட்டுச் சராசரி எடு என்பதற்கான எண்தான் 101.

5. அப்புறம் திட்ட விலக்கம், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் அளவு. பி5-ஐ மறுபடி 90 என்ற எண்ணாக்கிவிட்டு எஸ்டிடெவ்.எஸ் போட்டால் சுமார் 12.91, எஸ்டிடெவ்.பி போட்டால் 11.18. இரண்டும் பிழையில்லை. முதலாவது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, 3-ஆல் வகுக்கிறது, மற்றது 4-ஆல். தேர்வு எழுதிய எல்லாருடைய புள்ளியும் கையில் இருக்கும்போது எஸ்டிடெவ்.பி-தான் பொருத்தம். சிலரை மட்டும் எடுத்து மொத்தப் பள்ளியையும் மதிப்பிடுவதென்றால் எஸ்டிடெவ்.எஸ். பழைய கோப்புகளில் வெறும் எஸ்டிடெவ் என்று இருப்பதும் எஸ்டிடெவ்.எஸ் போலவே ஒன்றைக் கழித்துத்தான் வகுக்கும். எதைப் போட்டீர்கள் என்று பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதி வையுங்கள், சரிபார்ப்பவருக்கு வேறு எண் வந்தாலும் காரணம் உடனே புரியும்.