தீவுக்கு ஒரு விலங்கைக் கற்பனை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதைக்காக ஒரு தீவையும் அதில் வாழும் விலங்கையும் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் உறுப்புகளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஆமையின் ஓடு, மயிலின் தோகை, குரங்கின் வால், போதாதென்று நெருப்பு மூச்சு. மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இந்தத் தவறுதான். பல விலங்குகளை ஒட்டிய உருவம் கோயில் தூணில் யாளியாகக் கம்பீரமாக நிற்கும். கதையில் வரும் விலங்கோ மேய வேண்டும், குட்டி போட வேண்டும், நோயில் படுக்க வேண்டும். அதற்கு ஒரு பொய் போதும். மீதி எல்லாம் விலங்கியல்படி நடக்கட்டும்.

ஜெர்மன் விலங்கியலாளர் கெரோல்ஃப் ஷ்டைனர் அப்படித்தான் செய்தார். ஹரால்ட் ஷ்டும்ப்கே என்ற இல்லாத ஆய்வாளரின் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். பசிபிக் கடலில் இல்லாத ஒரு தீவுக்கூட்டம்; அங்கே மூக்கையே காலாகவும் தூண்டிலாகவும் பயன்படுத்தும் பாலூட்டிகள். பொய் அந்த மூக்கு மட்டுமே. உடற்கூறு, உணவு, இனப்பிரிவு எல்லாம் பாடநூல் போலவே சிரிக்காமல் எழுதப்பட்டவை. 2015-இல் சுலவேசித் தீவின் நீள்மூக்கு எலி ஒன்றுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர்கள், ஷ்டும்ப்கேயின் பெயரையே வைத்தார்கள். இல்லாத மனிதருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.

அடுத்த தவறு, விலங்கு தீவுக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் விடுவது. கரையிலிருந்து வெகுதூரத்தில் எரிமலை எழுப்பிய தீவில் தவளைகளைக் குதிக்கவிடுகிறார்கள். உப்புநீர் தவளைக்கு எமன். ஹவாயில் இயற்கையாக ஒரு தவளை இனம்கூட இல்லை. பல்லி வகைகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. 1995-இல் கரீபியப் புயல்களுக்குப் பின், வேரோடு பெயர்ந்த மரங்களில் தொற்றிக்கொண்டு குறைந்தது 15 பச்சை இக்குவானாக்கள் அங்குவிலா தீவில் கரையேறின. உங்கள் விலங்குக்கும் ஒரு மிதக்கும் மரம் தேடிக் கொடுங்கள்.

உருவ அளவிலும் சறுக்குகிறார்கள். சின்னத் தீவில் மலை போன்ற மிருகம் எதைத் தின்று வாழும்? சிசிலித் தீவில் ஒரு காலத்தில் வாழ்ந்த குள்ள யானையின் தோள் உயரம் சுமார் 1 மீட்டர்தான். சிறிய உயிர்கள் எதிர்த்திசையில் வளர்வதும் உண்டு: மொரிஷியஸில் வாழ்ந்து அழிந்த பெரிய டோடோ, புறா இனத்துப் பறவை.

எல்லாவற்றிலும் அதிகம் வீணாவது, சொன்ன பொய்யின் விளைவுகள். காதில் மழைநீரைச் சேமிக்கும் எலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறும் ஊற்றும் இல்லாத பவளத்தீவு என்றால் காரணம் பொருந்துகிறது. பலர் இதோடு நிறுத்திவிட்டு அதற்கு நீலநிறம் பூசப் போய்விடுகிறார்கள். யோசித்தால் இனிதான் வேடிக்கை. காதில் தண்ணீர் இருக்கும்போது அதற்குச் சரியாகக் கேட்குமா? தலையைச் சாய்த்துத் தூங்க முடியாதே, சுவரில் சாய்ந்து நின்றபடி தூங்குமோ? தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். அந்தப் புழுக்களைத் தின்ன ஒரு பறவை வந்து தலையில் உட்காரும். சண்டை வந்தால் கடிக்கத் தேவையில்லை, எதிரியின் தலையைத் தட்டிவிட்டால் போதும். கோடையின் கடைசி வாரத்தில் காது நிறைந்த ஆணுக்குத்தான் பெண் கிடைக்கும்.

பருவங்களையும் மறக்க வேண்டாம். கற்பனைத் தீவுகளில் எப்போதும் வசந்தம்தான். உண்மையான கலாபகஸ் தீவுகளிலோ, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ காலத்தில் பாசி அழிந்து உணவு குறையும்போது கடல் இக்குவானாக்களின் உடல் நீளமே குறைகிறது, 20 சதவீதம் வரைகூட. எந்தக் கதாசிரியரும் இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

பெயர் விஷயத்தில் ஒன்றுதான்: வாயில் நுழையட்டும்.

கடைசியாக, மனிதர்கள். தீவு விலங்கை எல்லோரும் மனிதனைக் கண்டதும் ஓடவிடுகிறார்கள். வேட்டையாடும் மிருகங்களைப் பார்த்திராத உயிருக்கு ஓடத் தெரியாது. டோடோ மாலுமிகளின் அருகிலேயே நின்றது. கப்பலில் வந்த பன்றிகளும் எலிகளும் அதன் முட்டைகளைத் தின்றன. எனவே கப்பல் எப்போது வருகிறது, அதில் பூனை இருக்கிறதா என்பதை வரைபடம் வரையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பூனை வந்தால் நம் எலி தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓட வேண்டும். கொட்டினால் அடுத்த மழைவரை தாங்காது.